தபாலுக்கு ஆகாத நிறம்

எனக்குப் பொறுமை கிடையாது. ரயில் ஆம்பூரில் நிற்பதற்கு முன்பே கதவருகே போய் நிற்பேன். ஊறப் போட்ட துணி ஊறுவதற்குள் எடுத்துக் கும்மிவிடுவேன். பல்லுக்கு நடுவில் மிளகு சிக்கினால் அது வெளியே வரும்வரை வேறு நினைப்பே ஓடாது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் கல்யாணப் பத்திரிகைக்கு உறை வாங்கும் வேலையைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் நான் விட்டிருக்கவும் மாட்டேன்.

எழுபதுகள் முடியும் சமயம். நான் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீஸில் டைப்பிஸ்ட். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. அக்கா வேலூரில் நர்ஸ். கல்யாணம் அவளுக்குத்தான். மாப்பிள்ளை திருப்பத்தூர்ப் பக்கம், பள்ளி ஆசிரியர். எல்லாம் பொருந்தி வந்தது. வீட்டில் இல்லாதது ஒரே ஒரு ஆள்தான். அண்ணன்.

அண்ணன் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இங்கேயே ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் பட்டறையில், சாயப் பிரிவில் இருந்தவன், வேறு மதத்துப் பெண் ஒருத்தியை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றான். சர்ச் இல்லை, ஜெபம் இல்லை, வீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை. "இந்த வாசப்படியில இனிமே கால் வெக்காத" என்றார் அப்பா. இரண்டு பேரும் கான்பூருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் தோல் ஊர்தான், சாய வேலைதான். அவன் கடிதங்கள் என் ஆபீஸ் விலாசத்துக்கு வரும். நான் படித்து, அக்காவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிவிட்டு, டைப்ரைட்டர் மேஜையின் கீழ் அறையில் போட்டுப் பூட்டிவிடுவேன்.

இரண்டாவது வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் நிலவிய அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா மனசு மாறிட்டாரு, புறப்பட்டு வா" என்று அண்ணனுக்கு எழுதிவிட்டேன். அப்பா மனசு மாறவில்லை. அவன் நேரில் வந்து நின்றால் மாறிவிடும் என்று நானாகக் கணக்குப் போட்டேன். அண்ணன் மூன்று நாள் ரயிலில் வந்தான். அப்பா அவனைப் பார்த்தார், உள்ளே போனார், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அண்ணன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெருமுனை வரை அவன் பின்னாலேயே ஓடினேன்.

"நீ எழுதற எதையும் இனிமே நம்பமாட்டேன்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவர் கையால ஒரு வரி வரட்டும். வர்றேன்."

அக்கா கல்யாணம் நிச்சயமானதும் நான் முதலில் எழுதியது அவனுக்குத்தான். பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. அக்காவுக்கு வாழ்த்து. கடைசியில் அதே பேச்சு: அப்பா கையால ஒரு வரி.

அக்கா அப்பாவிடம் ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டாள். அவள் என்னைப் போலப் பதறுகிறவள் இல்லை. ஊசி போடுகிற மாதிரி நிதானமாகக் கேட்டாள். "எனக்கு நகை கொறைஞ்சா கூட பரவால்லப்பா. அவன் இல்லாம நான் சர்ச்சுக்குள்ள நடக்கணுமா?" அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சர்ச்சில் முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று சபைக்கு மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். அப்பா பெஞ்சில் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தார்.

இதற்கு நடுவில்தான் உறைப் பிரச்சினை. பத்திரிகை குடியாத்தத்தில் அச்சாகிக்கொண்டிருந்தது. உறையை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா வெள்ளை என்றார். அம்மா உடனே, "வெள்ளையா? செத்தவங்க முப்பதாம் நாள் ஜெபத்துக்குக் கூப்பிட்ற மாதிரி இருக்கும்," என்றாள். மஞ்சள் வாங்கினால் இந்து வீட்டுப் பத்திரிகை போல் இருக்கும் என்று அத்தை. பச்சை என்றால் தெருவில் பாதிப் பேர் பெருநாள் வாழ்த்து என்றே நினைத்துப் பிரிப்பார்கள். ரோஸ் வேண்டாம், எங்கள் ஆபீஸ் பியூன் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு அப்போதுதான் ரோஸில் வந்திருந்தது. காக்கி என்று அப்பா வாயெடுத்தார். கோர்ட் நோட்டீஸா என்று நான் சண்டைக்குப் போனேன்.

என் மனசில் வேறு நிறம் இருந்தது. அந்த வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டதெல்லாம் பர்கண்டிதான். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த வார்த்தையை டைப் அடிப்பேன். ஷாப்பின் பின்னால் ஓடுகிற கால்வாயும் அதே கருஞ்சிவப்பாக ஓடும். மேஜையில் நகம் அளவு தோல் துண்டுகள் ஒட்டிய சாம்பிள் அட்டை இருக்கும். அதில் பர்கண்டியை மட்டும் தடவித் தடவி அது வழவழவென்று ஆகியிருந்தது. நாட்டுப்புறத்துச் சொந்தங்களுக்கு நடுவில் எங்கள் பத்திரிகை மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்த மாதிரி இறங்க வேண்டும் என்பது என் ஆசை. சின்ன வயசு, சின்னப் பெருமை.

வேலூர் லாங் பஜாரில் ஒரு காகிதக் கடையில் அதே நிறம் கிடைத்தது. பளபளவென்று மெருகு போட்ட உறை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கவே தயங்கினார்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"பத்திரிகைக்கு."

"கையில குடுக்கறதுன்னா சரி. தபாலுக்கு ஆவாது. இங்க்கு தெரியாது இதுல. வெளிர் கலரா எடுத்துக்க. சந்தனக் கலர் கீது, பாக்கறியா?"

நான் பார்க்கவில்லை. வெள்ளைச் சீட்டில் விலாசம் எழுதி ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். ஏதோ நான்தான் அதைக் கண்டுபிடித்த மாதிரி.

தபால் ஆபீஸிலும் இதே பேச்சு. தபால்தலை வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் ஒரு உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல முத்திரை குத்துனா தெரியாதும்மா. உள்ள ஒரே ஒரு குண்டு பல்பு. கடிதம் பிரிக்கிறவன் வேகமா பிரிப்பான். வெள்ளை, காக்கி, லேசான மஞ்சள், இதுங்கதான் அவன் கண்ணுக்கு ஆவும். சீட்டு ஒட்டுறன்னா கெட்டியா ஒட்டு. பின்னாடி உங்க விலாசத்தையும் ஒரு சீட்டுல போட்டு ஒட்டிடு." நல்ல மனுஷர். தலையாட்டினேன். பின்னாடிச் சீட்டு ஒட்டினால் அழகு கெட்டுவிடும் என்று வழியிலேயே தீர்மானித்துவிட்டேன்.

அச்சான பத்திரிகை வந்தது. வெளியூருக்கு அனுப்ப வேண்டியது அறுபது சொச்சம். அப்பா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் சீட்டுகளை அவர்தான் எழுதினார். ஒட்டுவது என் வேலை. மைதாப் பசை காய்ச்சப் போனேன். பக்கத்து வீட்டு பாய் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் தோல் ஷாப்பில் மேஸ்திரி.

"மைதா வேணாம்மா. கரப்பான் துன்னுடும். வஜ்ரம் தர்றேன், காய்ச்சி ஒட்டு. நம்ம ஊரு சரக்கு. ஒட்னா ஒட்னதுதான், பிச்சாலும் வராது."

தோல் கழிவைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. தச்சர்கள் நாற்காலிக்கால் ஒட்டுவது. பாய் கொடுத்த கட்டியைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் உருக்கினேன். வீடெல்லாம் ஷாப் நாற்றம். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "கல்யாண வீடு மாதிரியா கீது?" என்றாள். சூடாக இருக்கும்போது அது தேன் மாதிரி ஓடியது, சீட்டு பச்சக்கென்று பிடித்தது. இருபது, முப்பது என்று ஒட்டிக்கொண்டே போனேன். அது ஒரு சனிக்கிழமை. ஐந்து மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள். அதற்குள் போட்டுவிட வேண்டும். திங்கள்வரை என்னால் காத்திருக்க முடியாது.

நாலு மணி சுமாருக்கு அப்பா என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"அவன் விலாசம் உன்கிட்டதான இருக்கும்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். நான் விலாசத்தைச் சொன்னேன். கான்பூர் விலாசம் நீளமானது, பாதி இந்தி வார்த்தை. அப்பா எழுத்துக் கூட்டிக் கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு ஒரு பத்திரிகையை எடுத்தார், பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். கடைசியில் பத்திரிகையின் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினார்:

"முதல் நாளே வந்துவிடு. அவளையும் அழைத்து வா. அப்பா."

எழுதி முடித்து என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனார். மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். வஜ்ரம் ஆறிக் கெட்டியாகிவிட்டது. மேலே ஆடை படிந்து, குச்சியில் எடுத்தால் கயிறு மாதிரி இழுத்தது. அடுப்பில் மறுபடி வைத்தால் கால் மணி ஆகும். வைக்கவில்லை. மிச்சமிருந்த சீட்டுகளை அந்த ஆறின பசையிலேயே ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினேன். அண்ணன் சீட்டையும் அப்படித்தான். ஓடிப் போய்ப் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு ரோட்டிலேயே நின்று சிரித்தேன்.

அன்றைக்கே அண்ணனுக்குத் தனியாக இன்லண்ட் லெட்டர் எழுதினேன். அப்பா எழுதிட்டாரு, அவரே கேட்டு எழுதினாரு, உனக்கு கல்யாணக் கார்டு வருது. பத்து நாளில் பதில். ஒரே வரி. "கார்டு வரட்டும்." சரி, வடக்கே தபால் மெதுவாகத்தான் போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் பதில் இல்லை. நான் இன்னொரு லெட்டர் போட்டேன். தந்தி அடித்தேன். ஆபீஸில் டைப் அடிக்கும்போது எழுத்து எழுத்தாகத் தப்பு வந்தது. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். "இன்னாம்மா, உனக்கா கல்யாணம்?" என்று பியூன் கேலி செய்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா கூடத்தில் இரண்டு கோரைப் பாய்களைத் தனியாக எடுத்து வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. மறுநாள் சர்ச் வாசலில் நின்றார். முதல் மணி அடித்தது, இரண்டாவது மணியும் அடித்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிற ரோட்டையே பார்த்தார். அக்கா முக்காட்டுக்குள் நிமிர்ந்து நின்றாள். "போலாம்ப்பா," என்றாள். அவர் கையைப் பிடித்து அவள்தான் உள்ளே கூட்டிப் போனாள். விருந்தில் அப்பா பரிமாறிக்கொண்டே இருந்தார், சாப்பிட உட்காரவில்லை. எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. ஒரு வரி கேட்டாயே, எழுதினாரே, அப்புறமும் வராதவன் என்ன அண்ணன்? எழுதக்கூடாத வார்த்தையெல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதி அனுப்பியும்விட்டேன்.

சொந்தக்காரர்களில் சிலர் வரவில்லை. பத்திரிகையே வரவில்லை, கூப்பிடாமல் எப்படி வருவது என்று பிறகு ஆளாளுக்கு மூஞ்சி தூக்கினார்கள். கணியம்பாடி சித்தப்பா நேரில் வந்தே சண்டை போட்டார். வேண்டுமென்றே சொல்கிறார்கள் என்று அம்மா நினைத்தாள். எனக்கு அப்போதே சந்தேகம்.

கல்யாணம் முடிந்து ஐந்து வாரம் கழித்துத் தபால்காரர் ஒரு கட்டை என் கையில் கொடுத்தார். சணலால் கட்டிய பர்கண்டி உறைகள். பத்தொன்பது. ஒன்றின் மேலும் விலாசம் இல்லை. சீட்டு இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி மஞ்சளாக ஒரு பொருக்கு. பத்திரிகை உறையின் வாயை யாரும் ஒட்டுவதில்லை, உள்ளே மடித்துத்தான் விடுவோம். உள்ளே அச்சான எங்கள் வீட்டு விலாசத்தைப் பார்த்து யாரோ புண்ணியவான் திருப்பி அனுப்பியிருக்கிறார். பாய் பிறகு ஒரு பொருக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இந்த மெருகு காகிதத்துல வஜ்ரம் புடிக்காதும்மா. ஆறினதுல ஒட்டுனா இன்னும் மோசம். வெயில்ல காஞ்சி, மடங்கனா பட்டுனு உட்டுடும். தபாலுக்குன்னு சொல்லலியே நீ," என்றார். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கட்டோடு தோட்டத்துக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பத்தொன்பதும் ஒரே மாதிரி. யாருடையது எது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணனுடையது இதில் இல்லையென்றால், அது அவன் கைக்குப் போயிருக்கிறது, போயும் அவன் வரவில்லை என்று அர்த்தம். இருந்தால், கெடுத்தவள் நான். எது வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பத்திரிகையின் கீழே வெற்றிடம், வெற்றிடம், வெற்றிடம். இல்லாமலே இருக்கட்டும், அவனே குற்றவாளியாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பத்தாவதோ பதினோராவதோ, அப்பாவின் முத்து எழுத்து. "அவளையும் அழைத்து வா."

மூன்று நாள் ஒளித்து வைத்தேன். நானே அதை வெள்ளை உறையில் போட்டு அண்ணனுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். கல்யாணம் முடிந்த பிறகு முத்திரை விழுந்த அழைப்பு போய்ச் சேர்ந்தால் அவன் என்ன நினைப்பான்? கூப்பிட்ட மாதிரி காட்ட அனுப்புகிறார்கள் என்று நினைப்பான். நான் விளக்கி எழுதினால் நம்பமாட்டான். என் எழுத்துக்கு அவனிடம் மதிப்பே இல்லாமல் பண்ணிக்கொண்டவள் நான்தானே. உறையையும் வஜ்ரத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன், அது சுலபமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் அந்தப் பொய்யை எழுதாமல் இருந்திருந்தால், என் இன்லண்ட் லெட்டர் ஒன்றே அவனைக் கூட்டி வந்திருக்கும்.

நாலாம் நாள் காலையில் அப்பா பள்ளிக்கூடத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகையை அவர் முன்னால் வைத்து, ஆறின பசையிலிருந்து பழைய பொய் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தான் எழுதிய வரியை அவர் யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி படித்தார்.

"அப்ப அவன் பாக்கவே இல்ல," என்றார்.

"இல்லப்பா."

அம்மா, "உடனே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்புங்க," என்றாள்.

"தபால்ல வேணாம்," என்றார் அப்பா. மெட்ராஸுக்கு வடக்கே போகாதவர், இந்தி ஒரு வார்த்தை தெரியாதவர், பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்திரிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். வண்டி நகர்ந்தபோது நான் ஜன்னலோடு ஓடினேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

பதினோரு நாள். அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வந்தார். கருத்து, இளைத்து, தாடியோடு. கால் கழுவ அம்மா தண்ணீர் ஊற்றினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னா சொன்னான்?"

"கார்டைப் படிச்சான். உள்ள போயி ரெண்டு டிக்கெட் எடுத்துக்குனு வந்து காட்னான். மெட்ராஸுக்கு. ரெண்டு பேருக்கும்." அம்மா ஊற்றிக்கொண்டிருந்த செம்பு காலியாகிவிட்டது, கவனிக்காமல் சாய்த்தபடியே நின்றாள். "லீவு சொல்லிட்டு, அக்காளுக்குப் புடவை எடுத்து, பொட்டி கட்டி வெச்சிட்டாங்களாம். கார்டு வந்ததும் கௌம்பணும்னு. வண்டி கௌம்பற அன்னிக்கு தபால்காரன் வர்ற வரைக்கும் வாசல்லயே உக்காந்துருந்தாங்களாம், ரெண்டு பேரும். அவன் இன்னொரு தெருவுக்குத் திரும்பிப் போனதுக்கு அப்பறம்தான் அந்தப் பொண்ணு பொட்டியப் பிரிச்சிதாம்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அப்பாவே ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா அதற்குள் வேலை கிடைத்து குவைத்துக்குப் போய்விட்டிருந்தாள். அண்ணி கொண்டு வந்த புடவையை அம்மா வாங்கி வைத்தாள். நான் எழுதிய அந்தக் கெட்ட கடிதத்தைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. என்னோடு பேசினான், சிரித்தான், ஆபீஸ் எப்படியிருக்கிறது என்று விசாரித்தான். கிளம்பும் நாளில், "போய் சேந்ததும் லெட்டர் போடு, நானும் எழுதறேன்," என்றேன்.

"எழுது," என்றான். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "நீங்களும் கீழ ஒரு வரி போட்டுடுங்கப்பா," என்றான்.